ஐந்து கற்களும் ஒரு கன்னமும்

பாரிஸ் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி, முதல் துணி மூட்டையை அவிழ்த்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாவதை அவிழ்த்தார். அதிலும் கல். மூன்றாவதிலும் கல். ஐந்தையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் ‘ரசுவார்’. சவரக் கத்தி. அதைச் சொல்லிவிட்டு, கன்னத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துக் காட்டினேன். கைத்தறிச் சேலை கட்டிய ஐம்பத்து மூன்று வயதுப் பெண் சவரம் செய்வதுபோல் நடித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவரும் சிரித்தார். சிரித்தபடியே ஐந்து கற்களையும் திரும்பச் சுற்றிக் கொடுத்தார். நான் சுற்றியிருந்ததைவிட நேர்த்தியாக இருந்தது.

எனக்கும் சவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். ஓசூருக்கு வெளியே எங்களுக்குக் கல் அறுக்கும் பட்டறை இருக்கிறது. சமையலறை மேடைக்கும் படிக்கட்டுக்கும் பலகைக்கல் அறுத்து, பாலிஷ் போட்டுக் கொடுப்போம். ஆறு வருடங்களுக்கு முன் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு லோடில் பச்சை ஓடிய சாம்பல் நிறத்தில் சிலேட்டுத் துண்டுகள் சில கிடந்தன. மேடைக்கு உதவாத அளவு சின்னவை. சும்மா இருக்கிறதே என்று வீட்டுக் கத்தியை ஒரு துண்டில் தீட்டினேன். அன்று மாலை தக்காளி, கத்தி பட்டதே தெரியாமல் இரண்டாகப் பிரிந்தது. மேடைக்கல் வாங்க வந்த பெங்களூர்க்காரர் ஒருவர், மடக்குச் சவரக் கத்தியால் சவரம் செய்கிறவர், அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப் போனார். பத்தாவது நாள் அவருடைய நண்பர்கள் மூன்று பேர் கேட்டார்கள். அப்படியே பட்டறையின் பின்கொட்டகை தீட்டுக்கல் செய்யும் இடமாகிவிட்டது. இப்போது என்னோடு இரண்டு பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். எங்கள் மூவருக்கும் தாடி இல்லாததால் என் வீட்டுக்காரர் சண்முகத்தின் முகம்தான் பரிசோதனைக் கூடம். சில நாள் அவர் டீக்கடைக்குப் போனால் வீட்டில் சண்டையா என்று விசாரிப்பார்கள்.

பட்டறைக்குப் புதிதாகப் பெரிய அறுவை மெஷின் வரவிருந்தது. அதை வைக்கப் பின்கொட்டகையை விட்டால் வேறு இடம் இல்லை. நானும் அவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பாரிசில் பழைய சவரக் கத்திகளைப் புதுப்பித்து விற்கும் மதாம் ஒதில் என்ற அம்மையார் என் கற்களைச் சோதித்துத் தன் கடையில் வைக்கச் சம்மதித்தால் கொட்டகை எனக்கு. இல்லையென்றால் மெஷினுக்கு. “எதுவானாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வரக் கூடாது” என்று மட்டும் சொல்லி அவர் என்னை விமானம் ஏற்றினார்.

மதாமை எனக்கு அறிமுகம் செய்தவர் மரியதாஸ். மன்னார்க்காரர். பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் சலூன் வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களுக்கு ஒருமுறை போட்டு எறிகிற பிளேடு. வீட்டில் தன் முகத்துக்கு மட்டும் மடக்குக் கத்தி. என்னிடம் கல் வாங்கியதில் தொடங்கி நாலு வருடமாகப் போனில் பழக்கம். ஓட்டலில் தங்கினால் இனிப் பேச மாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கார் து நோர் ரயில் நிலையத்தில் அவருடைய மனைவி யசிந்தா எனக்காகக் காத்திருந்தார். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். என் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கியவர், இரண்டு அடி நடந்ததும் நின்றுவிட்டார்.

“உதுக்குள்ளை என்னக்கா, கல்லே வைச்சிருக்கிறியள்?”

“ஆமாம்மா, கல்லுதான்.”

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தார். கணவர் விருந்தாளி வருகிறார் என்று சொன்னாரே தவிர, என்ன கொண்டு வருகிறார் என்று சொல்லவில்லையாம்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி வழியாக மேலே நடந்தோம். ஓசூரில் எங்கள் தெருவில் தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் பெயர்ப்பலகை இருக்கும். இங்கே தெருவின் வடக்குக் கோடியில் வரிசையாகத் தமிழ். நகைக்கடை, சேலைக்கடை, வாசலில் தொங்கும் புடலங்காய், கண்ணாடிக்குப் பின்னால் கொத்து ரொட்டி போடும் தட்டோசை. தலைக்குமேல் இரும்புப் பாலத்தில் மெத்ரோ ரயில் கடகடத்துப் போகிறது. அதன் கீழே ஒருவர் முருங்கைக்காயை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் உழவர் சந்தையிலும் அப்படித்தான் வளைப்பார்கள். விற்கிறவர் அப்படித்தான் முறைப்பார்.

மார்க்ஸ் டோர்மோயில் நாலாவது மாடியில் அவர்கள் வீடு. மத்தியானம் புட்டும் மீன் குழம்பும். மரியதாஸ் கடையிலிருந்து பத்து நிமிடம் ஓடி வந்து என்னைப் பார்த்துவிட்டு, “களைச்சுப்போய் வந்திருக்கிறியள். நாளைக்கு ஆறுதலாக் கதைப்பம் அக்கா” என்றார். இன்னும் யாரும் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்குள் ஆறுதல் எதற்கு? சாயங்காலம் யசிந்தாவிடம் கேட்டேவிட்டேன். அவர்கள் பேச்சில் ஆறுதலாக என்றால் நிதானமாக, அவசரப்படாமல் என்று பொருளாம். அந்த ஒரு சொல்லால் மூன்று மணி நேரம் தூங்காமல் புரண்டிருக்கிறேன்.

புதன்கிழமை சலூனுக்குப் போனேன். மூன்று நாற்காலி, ஒரு நீள பெஞ்சு, பின்னால் தலை கழுவும் தொட்டியோடு சின்ன அறை. கற்களைப் பெஞ்சில் விரித்து வைத்தேன். ஊரிலிருந்து கிளம்பும் முன் ஐந்துக்கும் பாலிஷ் மெஷினில் கம்பளிச் சக்கரம் வைத்துப் பளபளப்பு ஏற்றியிருந்தேன். எப்போதும் செய்வதில்லை. சீமைக்குப் போகிற கல் அழுது வடியக் கூடாது என்று எனக்கு ஓர் ஆசை. முகம் பார்க்கலாம்போல் இருந்தன. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் வாங்கி வாங்கிப் பார்த்து மெச்சினார்கள். அதில் புதுச்சேரிக்காரப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர், வெட்டிக்கொள்ள முடி அதிகம் இல்லாவிட்டாலும் தினமும் வந்து பெஞ்சில் உட்காருகிறவர், “த்ரே போ, மதாம். ரொம்ப அழகு” என்றார்.

மரியதாஸ் மட்டும் ஒரு கல்லை எடுத்துக் கட்டைவிரலால் மெல்ல நீவினார். இன்னொரு தடவை நீவினார். “நல்லா மினுங்குதக்கா” என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டு, யாருக்கோ காதோரம் ஒதுக்கப் போய்விட்டார். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில் எதிர்க்கடையில் இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கிழங்கும் கறியும் மிளகுமாகச் சூடு. எங்கள் ஊர் சமோசா இதற்கு ஒன்றுவிட்ட தம்பிகூட ஆகாது.

மதாமுடன் வியாழக்கிழமை பத்து மணிக்கு ரொந்தேவு, அதாவது சந்திப்பு. யசிந்தாவுக்கு அன்று முழு நாள் விடுமுறை, மொழிபெயர்க்க அவர்தான் வருகிறார். மார்க்ஸ் டோர்மோயில் பன்னிரண்டாம் நம்பர் மெத்ரோ, நாலாவது நிலையம் அபெஸ் என்று போகிற வழியில் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லி வைத்ததே நல்லதாகப் போயிற்று. வண்டி வந்தது, அவர் ஏறினார், நான் கல் பையைத் தூக்கித் தோளில் மாட்டுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். என் போன் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும். அடுத்த வண்டியில் ஏறி, விரல் விட்டு நாலு எண்ணி இறங்கினேன். அவரைக் காணோம்.

எல்லோரும் போகிற பக்கம் போனேன். அது சுழல் படிக்கட்டு. ஏறினால் முடியவே இல்லை. சுவரெல்லாம் ஓவியம், முதல் இரண்டு சுற்று ரசித்தேன், பிறகு படியை மட்டுமே பார்த்தேன். பை ஒவ்வொரு படியிலும் முழங்காலில் இடித்தது. நாய்க்குட்டியைக் கையில் வைத்திருந்த பாட்டியம்மா ஒருவர் “பர்தோன்” என்று சொல்லி என்னைத் தாண்டிப் போனார். மேலே வந்து சின்னப் பூங்கா ஒன்றின் பெஞ்சில் விழுந்தபோது மூச்சு மேல்மூச்சாக வாங்கியது. கால் மணி நேரம் கழித்து யசிந்தா வந்தார், நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லாமல். என்னைத் தேடிப் பின்னால் போய், காணாமல் மறுபடி வந்திருக்கிறார். இங்கே லிஃப்ட் இருக்கிறதே, பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்க்கவில்லை.

மதாம் ஒதிலின் பட்டறை சரிவான ஒரு சந்தில் இருந்தது. ஓர் அறைதான். சுவரெல்லாம் கத்திகள், கொம்புப் பிடி, தந்த நிறப் பிடி, கருப்புப் பிடி. அறுபது வயதுக்கு மேலிருக்கும், குள்ளமாக, சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். கை கொடுத்தார். சிரிக்கவில்லை. என் பளபளக்கும் கற்களை வரிசையாக மேசையில் வைத்தேன்.

அவர் கத்தியைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கல்லை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலின் பின்பக்கத்தால் தடவினார். பிறகு கரண்டியால் தண்ணீர் விட்டார். தண்ணீர் பரவவில்லை, முத்து முத்தாகத் திரண்டு நின்றது. மெஷினில் போட்ட பாலிஷில் மெழுகு உண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

அடுத்து பென்சிலால் கல்முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, மட்டமான கண்ணாடிப் பலகைமேல் ஒட்டிய ஈர உப்புத்தாளில் இரண்டே தேய்ப்பு. நடுவில் கோடெல்லாம் அழிந்துவிட்டது. நாலு ஓரத்திலும் அப்படியே இருந்தது. கம்பளிச் சக்கரம் ஓரங்களைத் தின்று தாழ்த்திவிட்டது என்று அர்த்தம். என் காது சூடாகிக்கொண்டே வந்தது.

கடைசியில்தான் கத்தி. ஒவ்வொரு கல்லிலும் பத்துப் பத்து இழுப்பு, காதைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து. முதல் நாலில் சத்தமே இல்லை. கூர் ஏறவும் இல்லை. கத்தி ஈர ஓட்டில் வழுக்குவதுபோல் வழுக்கியது. ஐந்தாவதில் ஓரிடத்தில் ‘டிக்’ என்றது. எனக்கும் கேட்டது. மதாம் கத்தியைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு யசிந்தாவிடம் ஒரு வாக்கியம் சொன்னார்.

யசிந்தா தயங்கினார். “உங்கட கல்லுக்குள்ளை ஒரு தானியம் இருக்காம் அக்கா.”

“தானியமா? அரிசியா?”

அரிசியா என்று அவர் அப்படியே மதாமைக் கேட்டார். மதாம் முதன்முறையாகச் சிரித்தார். அவர்கள் மொழியில் நெல்மணிக்கும் கல்லின் மணிக்கும் ஒரே சொல். பாலிஷ் தூளின் முரட்டு மணி ஒன்று கல்லின் மேற்பரப்பில் பதிந்து உட்கார்ந்திருக்கிறது, அது கத்தியின் வாயில் பல் விழச் செய்கிறது என்பதுதான் விஷயம். கருவிக்குள் என்னையும் பார்க்கச் சொன்னார். நேரான வெள்ளிக் கோட்டில் எலி கடித்ததுபோல் ஒரு சின்னக் குழி.

ஆறு வருட வேலையை ஓர் அரை மணி நேர அலங்காரம் கெடுத்துவிட்டது. கொட்டகையும் அதில் இருக்கிற இரண்டு பெண்களும் கண்முன் வந்தார்கள். மெஷின் வந்தால் அவர்களுக்குப் பலகைக்கல் தூக்கும் வேலைதான்.

மதாம் காப்பி போட்டுக் கொடுத்தார். கூடவே குரோசான். உரித்தால் எங்கள் ஊர் பரோட்டாபோல் அடுக்கடுக்காக வருகிறது, ஆனால் வாயில் வைத்தால் காற்று. அதைத் தின்றுகொண்டிருக்கும்போது அவர் ஒரு கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தை, பாலிஷ் போடாத பக்கத்தை, நெடுநேரம் பார்த்தார். பிறகு நிதானமாகப் பேசினார். யசிந்தா இந்த முறை கவனமாகச் சொன்னார்:

“கல்லு நல்ல கல்லாம். தோல்தான் பிழையாம். சனிக்கிழமை இஞ்சை கத்தி வைச்சிருக்கிற சிநேகிதர் எல்லாரும் வருவினமாம். அதுக்கிடையிலை வேறை தோலோடை கொண்டுவரச் சொல்லுறா.”

திரும்பும்போது லிஃப்டில் இறங்கினோம். சலூனில் மரியதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வியக்கவில்லை. கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நேற்றே தெரியுமா என்று கேட்டேன்.

“தெரிஞ்சதுதான் அக்கா. கை வைச்சவுடனை தெரிஞ்சுது. ஆசையா விரிச்சு வைச்சிருக்கிற ஆளிட்டை எப்பிடிச் சொல்லுறது?”

அவரிடம் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இனிமேல் என் கல்லைப் பற்றி என்னிடம் மரியாதை பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். “ஓம், நீங்களும் என்ரை தலைவெட்டைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு சலூனின் பின்னறையில் வேலையைத் தொடங்கினேன். பழைய கண்ணாடி ஒன்று அங்கே சாத்தி வைத்திருந்தது, தடிமனாக, மட்டமாக. அதைத் தொட்டிமேல் குறுக்காகப் போட்டோம். பெயின்டர்கள் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற கருப்பு உப்புத்தாள் வேண்டும். எங்கள் ஊரில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். யசிந்தா வேலைக்குப் போகும் முன் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு பக்கத்துத் தெரு இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலு வகைத் தாள் எடுத்துப் போட்டார். கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், தானும் கண்ணை மூடித் தடவினார், மூன்றாவதைத் தள்ளினார். நானும் அதைத்தான் எடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் வியாபாரம் முடிந்தது.

தாளை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டி, பாலிஷ் தோல் முழுவதையும் முதலில் உரித்தேன். மெழுகு போயிற்று. பென்சில் கோடு ஓரம்வரை அழிந்தது. ஆனால் தாளின் கீறல் கல்லில் இருந்தது. ஊரில் இந்த இடத்தில் கார்பரண்டம் என்கிற தேய்ப்புத் தூளைத் தூவித் தேய்ப்பேன். அந்த மாதிரித் தூளில்தான் முரட்டு மணி ஒளிந்திருக்கும் என்று நேற்றுத்தான் கற்றிருந்தேன். தூள் வேண்டாம் என்றால் எதை வைத்துத் தேய்ப்பது? கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதே கல்லை வைத்தே தேய்த்தால் என்ன? வெளி மணி எதுவும் வர வழியே இல்லையே.

இரண்டு கல்லை மட்டும் ஒன்றோடொன்று தேய்த்தால் ஒன்று குழியும், மற்றது புடைக்கும். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாவது கல் ஒன்று சேர்ந்து, மூன்றும் மாறி மாறித் தேய்ந்தால், குழிவதற்கும் புடைப்பதற்கும் இடமில்லாமல் மூன்றும் மட்டமாகும். கற்களின் பக்கவாட்டில் சாக்பீஸால் நம்பர் போட்டு, ஒன்றையும் இரண்டையும், இரண்டையும் மூன்றையும், மூன்றையும் ஒன்றையும் என்று தேய்க்கத் தொடங்கினேன். அடுத்த சுற்றில் நாலாவதையும் ஐந்தாவதையும் உள்ளே கொண்டுவந்தேன். ஐந்தாவதைத் தாளில் கூடுதலாக உரித்து, தூரிகையால் கழுவிய பிறகே சேர்த்தேன்.

சிலேட்டு லேசில் தேயாது. பதினொரு மணிக்கு என் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. எட்டிப் பார்த்த மரியதாஸ் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு காத்திருந்த ஒருவரை உள்ளே அனுப்பினார். புறநகர் ஓல்னே-சூ-புவாவிலிருந்து வருகிறவர், பஸ் ஓட்டுநர். சாயம் பிடிக்க அரை மணி நேரம் ஆகும், சும்மாதானே இருக்கிறார். தலையில் கருப்புக் களிம்பும் கழுத்தில் துணியுமாக நின்று அவர் தேய்த்த தேய்ப்பில் நல்ல பால் வந்தது. பால் என்பது கல்லிலிருந்து வரும் சாம்பல் நிறக் குழம்பு. அவர் நாற்காலிக்குத் திரும்பியதும் அடுத்தவர் வந்தார். பிறகு யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். புதுச்சேரிப் பெரியவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு கல்லையும் தொடாமல், “தூஸ்மான், முசே, தூஸ்மான்! அழுத்தாதீங்க, மெதுவா” என்று ஒவ்வொருவரையும் மேய்த்தார். தரையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. மரியதாஸ் மூன்று தடவை துடைத்துவிட்டு நாலாவது தடவை விட்டுவிட்டார்.

மத்தியானத்துக்குமேல் சத்தம் மாறியது. காலையில் கரகரவென்றிருந்தது, இப்போது வாழையிலையை ஈரத் துணியால் துடைப்பதுபோல் ஆகிவிட்டது. தண்ணீர் விட்டேன். ஓரத்திலிருந்து ஓரம்வரை மெல்லிய ஏடாகப் பரவி அப்படியே நின்றது. மரியதாஸைக் கூப்பிட்டு மரியாதை பார்க்காமல் சொல்லச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு நாலு கல்லை நீவினார், சரி என்று தலையை ஆட்டினார். தன் கத்தியை எடுத்து வந்து ஒவ்வொன்றிலும் இழுத்தார். ஐந்தாவதில் இழுத்தபோது அறையே பேச்சை நிறுத்தியது. ஏழாவது இழுப்பில் மிக மெல்லியதாக, கேட்டதா இல்லையா என்பதுபோல், டிக்.

“ஒருத்தருக்கும் விளங்காதக்கா. கொண்டு போங்கோ. அஞ்சு எண்டுதானே சொன்னனியள்” என்றார் பஸ் ஓட்டுநர். அவர் சாயம் காய்ந்து, முடி வெட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தேய்த்தால் சத்தம் இன்னும் அடங்கக்கூடும். ஆனால் எந்தக் கன்னத்தில் அந்தக் குழி விழுந்த கூர் ஓடும் என்று எனக்குத் தெரியாது. அதைத் துணியில் சுற்றித் தனியாக எடுத்து வைத்தேன். அன்று சாயங்காலம் யசிந்தாவின் சமையலறையில் அந்தக் கல்லில்தான் மீன் வெட்டும் கத்தி தீட்டினோம். மீனுக்கு அது ராஜா.

சனிக்கிழமை மதியம் சலூனைப் பூட்டுவது எந்தச் சலூன்காரரும் செய்யாத காரியம். மரியதாஸ் பூட்டினார். கதவில் ஓர் அட்டை தொங்கவிட்டு, தன் மடக்குக் கத்தியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு கிளம்பினார். இந்த முறை வண்டியில் என்னை முதலில் ஏற்றினார்கள்.

மதாமின் அறையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருந்தார்கள். பல் மருத்துவர் ஒருவர், ரொட்டி சுடுகிறவர் ஒருவர், இளம் வழக்கறிஞர் பெண் ஒருத்தி. அவள் கணவனுக்குச் சவரம் செய்துவிடுகிறவளாம். எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. மதாம் நாலு கல்லையும் எண்ணிப் பார்த்துவிட்டு ஐந்தாவது எங்கே என்று கேட்டார். மீன் கத்திக்கு வைத்துவிட்டேன் என்றேன். யசிந்தா சொன்னதும் அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கி என்னை ஒருமுறை பார்த்தார்.

ஜன்னல், விரல், தண்ணீர், பென்சில். எல்லாம் திரும்ப நடந்தது. வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். பென்சில் கோடு இரண்டு தேய்ப்பில் மூலைவரை மறைந்தபோது ரொட்டிக்காரர் மெல்ல விசிலடித்தார். எதை வைத்துத் தேய்த்தீர்கள் என்று மதாம் கேட்டார். கல்லை வைத்தே என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை; இரண்டு கல்லை எடுத்து முகத்தோடு முகம் சேர்த்துக் காட்டினேன்.

ஆனால் கடைசித் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது கன்னம் என்றார் மதாம். யார் உட்காருவது என்ற பேச்சு வந்ததும் மரியதாஸ் தன் கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருடமாக மற்றவர் முகத்தை வழித்தவர். அவர் முகத்தை இன்னொருவர் வழித்து எத்தனை காலமாயிற்றோ. யசிந்தாவிடம் கேட்டேன். தெரிந்தவரை ஒருமுறையும் இல்லை என்றார்.

மதாம் என் இரண்டாம் நம்பர் கல்லில் அந்தக் கத்தியைத் தீட்டினார். ‘டிக்’ என்ற சத்தம் இல்லை. கத்திக்கு முன்னால் தண்ணீர் சின்ன அலையாக ஓடி, கூரின்மேல் ஏறி வழிந்தது. தோல் வாரில் இழுத்தார். வெந்நீர்த் துணியைப் போட்டார், நுரை பூசினார், இடது கன்னத்தில் தொடங்கினார்.

நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஊரில் சண்முகத்தின் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். கத்தி பிடுங்கினால் இடது புருவம் ஏறும். மரியதாஸின் புருவத்தையே பார்த்தேன். ஏறவில்லை. காதிலிருந்து தாடைவரை, தாடையிலிருந்து கழுத்துவரை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வாய் கொஞ்சம் திறந்தது. பிறகு சந்தேகமில்லாமல் ஒரு சின்னக் குறட்டை.

மதாம் கத்தியை எடுத்துவிட்டார். யசிந்தா வாயைப் பொத்திக்கொண்டார். மனுசன் சனிக்கிழமையில் கண்ணை மூடி அவர் கண்டதே இல்லையாம். மதாம் உதட்டில் விரல் வைத்து எல்லோரையும் ஜன்னல் பக்கம் ஒதுக்கிக் காப்பி ஊற்றினார். ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் நுரையுமாக ஒருவர் தூங்க, நாங்கள் பதினைந்து பேர் கோப்பை சத்தம் வராமல் குடித்தோம். பல் மருத்துவர் கல்லை வாங்கி நீவிப் பார்த்துவிட்டுத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். வழக்கறிஞர் பெண் அதை அவரிடமிருந்து மெல்ல நகர்த்தித் தன் பக்கம் வைத்தாள்.

மதாம் யசிந்தாவின் காதில் கிசுகிசுத்தார். யசிந்தா என் காதில் சொன்னார்: நாலும் இங்கேயே இருக்கட்டுமாம். இதே தோலோடு மாதம் எத்தனை கல் அனுப்ப முடியும் என்று கேட்கிறாராம். கொட்டகையில் எத்தனை பேர் என்றும் கேட்கிறாராம்.

என்னையும் சேர்த்து மூன்று பேர் என்று விரலைக் காட்டினேன். பிறகு, என்ன தைரியமோ, நாலாவது விரலையும் நீட்டினேன்.

மரியதாஸ் கண் விழித்தபோது வெளிச்சம் ஜன்னலில் ஒரு சாண் நகர்ந்திருந்தது. எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். இடது கன்னத்தைத் தடவினார். வலது கன்னத்தில் காய்ந்துபோயிருந்த நுரையைத் தொட்டார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னைத் தேடிப் பார்த்துக் கேட்டார்:

“மற்றப் பக்கத்துக்கும் மதாம் உந்தக் கல்லிலைதானேயக்கா தீட்டுவா?”